சி-டிஃப் தொற்றுக்கு மலமாற்று சிகிச்சை: பாஸ்டனில் எங்கள் அனுபவம்

சி-டிஃப் என்பது கடுமையான வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும் ஒரு குடல் பாக்டீரியா. அது திரும்பத் திரும்ப வரும் பிள்ளையை வைத்துக்கொண்டு, மலமாற்று சிகிச்சைக்கு (ஆரோக்கியமான ஒருவரின் மலத்தை நோயாளியின் குடலில் ஏற்றுவது) போகலாமா வேண்டாமா என்று தவிக்கும் பெற்றோருக்காக எழுதுகிறேன். தாராளமாகப் போங்கள். ஆனால் இடம் பார்த்துப் போங்கள்.

2018 இல் என் மகனுக்கு ஒன்பது வயது. காதில் சீழ் வந்ததற்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் குடலில் இருந்த நல்ல பாக்டீரியாக்களையும் சேர்த்து அழித்துவிட்டது, சி-டிஃப் பெருகிவிட்டது. அதை அடக்கும் வான்கோமைசின் என்ற இன்னொரு ஆன்டிபயாடிக்கைக் குடித்தால் வயிற்றுப்போக்கு நிற்கும், நிறுத்தினால் கொஞ்ச நாளில் மறுபடி ஆரம்பிக்கும். இந்தக் கிருமியின் வித்துகள் சானிடைசருக்குச் சாகாது. சோப்பும் பிளீச்சுமாகக் கழுவிக் கழுவி என் கை தோலுரிந்து போனது. முதலில் பார்த்த கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் அதே மருந்தைத்தான் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்புறம்தான் பாஸ்டனில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் குடல்நோய்ப் பிரிவுக்குப் போனோம். அங்கே டாக்டரம்மா உட்கார்ந்து பேசினார். 2013 இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில், ஒரே தடவை கொடுத்ததிலேயே 16 பேரில் 13 பேர் குணமானார்கள். வான்கோமைசின் மட்டும் எடுத்த 13 பேரில் 4 பேர்தான். அது பெரியவர்களிடம் செய்தது, குழந்தைகளிடம் அப்படி ஓர் ஆய்வு இல்லை என்பதையும் அவரே சொன்னார். அந்த நேர்மைக்காகத்தான் சம்மதித்தோம். (2020 இல் வெளியான ஆய்வில் 335 இளம் நோயாளிகளில் 81 சதவீதம் பேருக்கு ஒரே தடவையில் பலித்திருக்கிறது.)

என்னுடையதையே எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். எனக்கும் எல்லாப் பரிசோதனையும் செய்யவேண்டும், நாளாகும் என்றார்கள். ஓப்பன்பயோம் என்ற மல வங்கியிலிருந்து வரவழைத்தார்கள். அங்கே கொடுக்க முன்வந்தவர்களில் மிகச் சிலரே தேறினார்களாம். ரத்தம், மலம் இரண்டையும் சோதித்தார்கள்.

இன்சூரன்ஸ் அனுமதிக்குக் காத்திருந்த வாரங்கள்தான் கொடுமை. அதுவரை வான்கோமைசினை நிறுத்த முடியவில்லை. சிகிச்சையில் பிள்ளைக்குக் கஷ்டமாக இருந்தது முந்தின நாள் குடல் சுத்தம் செய்தது மட்டுமே. மறுநாள் நர்ஸ், உறைநிலையிலிருந்து உருகிய பழுப்புத் திரவத்தை சிரிஞ்சுகளில் ஏற்றிக்கொண்டிருந்தார். "அது யாரோடது?" என்று கேட்டான். ரொம்ப ஆரோக்கியமான ஒருத்தர் உனக்காகக் கொடுத்தது என்று அவர் முகம் சுளிக்காமல் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டான். மயக்க மருந்து கொடுத்து, கொலோனோஸ்கோபி (ஆசனவாய் வழியாகப் பெருங்குடலுக்குள் விடும் கேமராக் குழாய்) வழியாக ஏற்றினார்கள். சாயங்காலமே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

ஒரு வாரத்தில் மலம் கட்டிப்பட்டது. ரசம் சாதம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். சி-டிஃப் அதற்குப் பிறகு வரவில்லை.

ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். 2019 இல், வேறு இடத்து மலத்தில் இருந்த மருந்துக்கு அடங்காத ஈ.கோலை பாக்டீரியா தொற்றி, எதிர்ப்புச் சக்தி குறைந்த இரண்டு பேர் நோயுற்றார்கள், ஒருவர் இறந்துபோனார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்போதே எச்சரித்தது. இணையத்தில் பார்த்து வீட்டிலேயே செய்வதை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

மலத்திலிருந்து தயாரிக்கும் மருந்துகளில், 2022 இல் ரெபயோட்டாவுக்கும் 2023 இல் வவ்ஸ்ட் மாத்திரைக்கும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, ஆனால் இரண்டுமே 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். குழந்தைக்கென்றால் இதைச் செய்து பழகிய மருத்துவமனையைத் தேடித்தான் போகவேண்டும். எங்கே போனாலும், கொடுத்தவரின் மலத்தில் என்னென்ன சோதித்தார்கள் என்று பட்டியல் கேளுங்கள். காட்டத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.