புது மேக்புக் ப்ரோ ஏன் இழுத்து இழுத்து ஓடியது?

கொட்டாஞ்சேனையில் அச்சக வேலை பார்க்கும் நண்பர், விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறதே, விண்டோஸை விட்டு மேக்புக் ப்ரோவுக்கு மாறலாமா என்று கேட்டிருந்தார். என்னிடம் இருப்பது எம்4 ப்ரோ சிப், 24 ஜிபி ரேம் உள்ள மேக்புக் ப்ரோ. அதன் திறனைப் பற்றி எல்லாரும் எழுதிவிட்டார்கள். ஆனால் அந்த இயந்திரம் வாங்கிய புதிதில் பல வாரம் என் பழைய விண்டோஸ் மடிக்கணினியை விட மெதுவாக ஓடியது, அதைச் சொல்லாமல் இவருக்குப் பதில் சொல்ல முடியாது.

உலாவியில் நாலைந்து பக்கம் திறந்தால் போதும், தட்டிய எழுத்து நின்று நிதானித்துத்தான் திரைக்கு வரும். முதல் ஓரிரு நாள் அப்படி இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, மேக்கின் தேடல் வசதியான ஸ்பொட்லைட் கோப்புகளை அட்டவணைப்படுத்தும், போட்டோஸ் செயலி படங்களை அலசும், முடிந்ததும் அடங்கிவிடும். எனக்கு அடங்கவில்லை. வாங்கிய கடையில் கேட்டால் முதலில் "செட் ஆகும் அண்ணா" என்றார்கள், அப்புறம் ரேம் போதாது, 48 ஜிபிக்குப் போங்கள் என்றார்கள். இதில் ரேமைப் பிறகு கூட்டவே முடியாது, சிப்போடு சேர்ந்தே வருகிறது. ஆக இன்னொரு மெஷின் வாங்கச் சொல்கிறார்கள்! அதுவும் ரேம் போதுமா என்று காட்டும் மெமரி பிரஷர் வரைபடம், போதும் என்று பச்சையாகவே இருக்கும்போது.

என்னென்ன மென்பொருள் ஓடுகிறது என்று காட்டும் ஆக்டிவிட்டி மானிட்டரில் சிபியு பக்கத்தைத் திறந்து 'கைண்ட்' என்ற பத்தியைப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சமானது. உலாவி, கோப்பு ஒத்திசைக்கும் மென்பொருள், எழுத்துரு மேலாளர் எல்லாவற்றுக்கும் நேரே 'இன்டெல்' என்றிருந்தது. முன்பு இன்டெல் சிப்போடு மேக் விற்ற ஆப்பிள், 2020 நவம்பரிலேயே தன் சொந்த எம்1 சிப்போடு மேக் விற்கத் தொடங்கிவிட்டது. இன்டெலுக்கு எழுதிய மென்பொருளை ஆப்பிள் சிப்பில் ரொசெட்டா 2 என்ற ஆப்பிளின் மென்பொருள் மொழிபெயர்த்து ஓட்டுகிறது. சாதாரண மென்பொருளுக்கு அந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உலாவியோ இணையப் பக்கங்களை இயக்கும் ஜாவாஸ்கிரிப்டுக்கு ஓடிக்கொண்டே புதிதாகக் குறிமுறை உண்டாக்கும் பிராணி, அதையும் அந்தந்தக் கணமே மொழிபெயர்க்க வேண்டியிருப்பதால் அங்கேதான் மூச்சு வாங்குகிறது. ரொசெட்டாவை நிறுவவா என்று கணினி முதல் தடவை மட்டும் கேட்கும். கடையில் தங்கள் பென் டிரைவில் கிடந்த பழைய நிறுவிகளைப் போட்டபோதே அதற்கு ஆம் சொல்லி முடித்திருக்கிறார்கள், எனக்கு எப்படித் தெரியும்?

எல்லாவற்றையும் அழித்து, ஆப்பிள் சிப்புக்கான பதிப்புகளை அந்தந்தத் தளத்திலிருந்தே இறக்கிப் போட்டேன். அன்று மாலையே அது வேறு கணினி. காற்றாடிச் சத்தம் கேட்பதேயில்லை, காலையில் சார்ஜ் போட்டால் வெள்ளவத்தையில் கரண்ட் போனாலும் வேலை நிற்காது. இன்னொரு சந்தோஷம், அஞ்சல், தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகைகள் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன, தட்டச்சுக்கென்று தனியாக எதையும் தேடி அலைய வேண்டியதில்லை. இவ்வளவு நல்ல இயந்திரத்தை ஒரு பென் டிரைவால் கெடுத்து, பழியை ரேம் மேல் போட்டார்களே என்ற கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

சரி, நண்பருக்கு என் பதில்: இப்போது வாங்காதீர்கள். உங்களிடம் வேலை கொண்டுவருகிறவர்களின் ஹார்ட் டிஸ்க் எல்லாம் விண்டோஸின் என்டிஎப்எஸ் வடிவத்தில் இருக்கும், மேக் அதை வாசிக்கும், தனி மென்பொருள் போடாமல் அதில் எழுதாது. திருத்திய கோப்பைத் திருப்பிக் கொடுக்க ஒவ்வொரு முறையும் மல்லுக்கட்ட வேண்டும். அதையும் சமாளித்து வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், "சொஃப்ட்வெயார் எல்லாம் போட்டுத் தருகிறோம்" என்று கடையில் சொன்னால் வேண்டாம் என்று சொல்லி, பெட்டியைப் பிரிக்க விடாமல் வீட்டுக்குக் கொண்டுபோங்கள்.