கிராஃப்டிங் இன்டர்பிரெட்டர்ஸ்: கையால் தட்டிப் படிக்க வேண்டிய புத்தகம்

நிரல் எழுதுபவர்களிடம் இப்போது என்ன படிக்கிறீர்கள் என்று கேட்டால், வேலைக்கு ஒன்று, ரசனைக்கு ஒன்று என்று இரண்டு பெயர்கள் வரும். ராபர்ட் நைஸ்ட்ராம் எழுதிய ‘கிராஃப்டிங் இன்டர்பிரெட்டர்ஸ்’ இரண்டுக்கும் ஒருசேர ஈடுகொடுக்கிற அபூர்வமான புத்தகம். அச்சில் வந்தது 2021-ல். அதற்கு முன்பே அத்தியாயம் அத்தியாயமாக இணையத்தில் வெளிவந்தது. இன்றும் முழுப் புத்தகத்தையும் அங்கே காசில்லாமல் படிக்கலாம். ‘லாக்ஸ்’ என்ற சின்ன மொழி ஒன்றை வைத்துக்கொண்டு, முதலில் ஜாவாவில் ஒரு இன்டர்பிரெட்டர் (நிரலைப் படித்து அப்படியே இயக்கும் நிரல்), பிறகு அதே மொழிக்கு சி-யில் இன்னொரு இன்டர்பிரெட்டர் என்று 30 அத்தியாயங்களில் கட்டி முடிக்கிறார்.

இந்தப் புத்தகத்தின் பெரிய பலம், ஒரு வரிகூட மறைக்கப்படவில்லை என்பதுதான். கம்பைலர் பற்றிய பாடநூல்களில் கோட்பாடு விரிவாக இருக்கும். நிரல் என்று வரும்போது பாதியை வாசகரிடம் விட்டுவிடுவார்கள், அல்லது பார்சரை, அதாவது நிரலின் இலக்கண அமைப்பைப் பிரித்தறியும் பகுதியை, உருவாக்கித் தரும் ஏதாவது ஒரு கருவியிடம் தள்ளிவிடுவார்கள். இங்கே அந்தந்த மொழியின் அடிப்படை நூலகத்தைத் தவிர வேறு எதுவும் கிடையாது. ஒவ்வொரு துண்டு நிரலின் ஓரத்திலும் அது எந்தக் கோப்பில், எந்த ஃபங்ஷனில், எந்த வரிக்குப் பின் வர வேண்டும், பழைய வரிகளில் எத்தனை போக வேண்டும் என்று குறிப்பு இருக்கிறது. முன்பின் வரிகளும் மங்கலாகத் தெரியும். ஓடுகிற நிரலிலிருந்தே துண்டுகளை எடுத்துக் கோக்கும் கருவியை நைஸ்ட்ராம் தானே எழுதி வைத்திருக்கிறார். அதனால் ஒரு அத்தியாயத்தை முடித்தால் உங்கள் கையில் இருப்பது ஓடும்.

இதிலேயே ஒரு ஆபத்தும் இருக்கிறது: நகலெடுத்து ஒட்டிக்கொண்டே போய்விடலாம். அப்படிப் போனால் வேகமாக முடியும், எதுவும் தங்காது. நிரலைக் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தரும் கருவிகள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற காலத்தில் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு வரியையும் தட்டுங்கள். தட்டும்போது விழும் பிழைகள்தான் இந்தப் புத்தகத்தின் இரண்டாவது ஆசிரியர்.

4 முதல் 13 வரையிலான அத்தியாயங்கள் ஜாவாப் பகுதி. எழுத்துகளை டோக்கன்களாக (சொல், எண், குறி போன்ற துண்டுகளாக) பிரிப்பது, டோக்கன்களை நிரலின் அமைப்பைக் காட்டும் மரமாக்குவது, மரத்தின் கிளைகளில் நடந்தபடியே நிரலை இயக்குவது என்று நேராகப் போகிறது. இங்கே பலரும் சலிப்படையும் இடம் விசிட்டர் பேட்டர்ன், அதாவது மரத்தில் செய்யும் வேலையைக் கணுக்களுக்கு வெளியே தனிக் கிளாஸில் வைக்கும் முறை. மரத்தின் கணுக்களுக்கான கிளாஸ்களை ஒரு சிறு நிரல் உருவாக்கித் தருகிறது; ஒவ்வொரு வேலைக்கும் ஒரு விசிட்டர் எழுத வேண்டும். புதிய ஜாவாவில் ரெக்கார்டும் (தரவை மட்டும் சுமக்கும் சுருக்கமான கிளாஸ்) சீல்டு இன்டர்ஃபேஸும் (எந்தெந்த வகைகள் உண்டு என்று வரையறுத்துவிடும் இன்டர்ஃபேஸ்) இருப்பதால் அதையெல்லாம் தூக்கிவிட்டு ரெக்கார்டில் எழுதலாமே என்று தோன்றும். எழுதலாம், நிரலும் சுருங்கும். ஆனால் 11-ஆம் அத்தியாயத்தில் கவனம் வேண்டும்.

அந்த அத்தியாயம் ஒரு சின்ன நிரலில் தொடங்குகிறது. வெளியே a என்று ஒரு மாறி. ஒரு பிளாக்குக்குள் அந்த a-வை அச்சிடும் ஃபங்ஷன். அதை ஒருமுறை அழைக்கிறோம். பிறகு அதே பிளாக்குக்குள் வேறொரு a-வை அறிவித்து, ஃபங்ஷனை மறுபடி அழைக்கிறோம். இரண்டு முறையும் வெளி a-வின் மதிப்புதான் வர வேண்டும். அதுவரை எழுதிய இன்டர்பிரெட்டரோ இரண்டாம் முறை உள்ளே இருக்கும் a-வைக் காட்டுகிறது. ஃபங்ஷன் பிடித்து வைத்திருக்கும் சூழல் (மாறிகளின் பெயர்களும் மதிப்புகளும் இருக்கும் இடம்), அறிவிக்கப்பட்ட கணத்தின் படம் அல்ல. பின்னால் புதிய பெயர்கள் சேர்ந்துகொண்டே போகும் அதே பொருள் என்பதுதான் காரணம். மூன்று அத்தியாயங்களுக்கு முன் சரியாகப்பட்ட ஒரு முடிவு எப்படித் தவறாகிறது என்பதை வாசகர் கண்முன் காட்டிவிட்டு, நிரல் ஓடுவதற்கு முன்பே ஒவ்வொரு பெயரும் எத்தனை அடுக்கு வெளியே இருக்கிறது என்று எண்ணி வைக்கும் ரிசால்வரை எழுதச் சொல்கிறார். புத்தகத்தின் மிக நேர்மையான அத்தியாயம் இது.

அந்த எண்ணிக்கை ஒரு ஹாஷ் மேப்பில், அதாவது சாவி கொடுத்தால் மதிப்பைத் தரும் அட்டவணையில், சேமிக்கப்படுகிறது. சாவி, மரத்தின் கணு. சாதாரண கிளாஸாக இருக்கும்வரை ஒவ்வொரு கணுவும் தனித்தனி. ரெக்கார்டாக மாற்றினால் ஜாவா உள்ளடக்கத்தை வைத்து ஒப்பிடும். டோக்கனையும் ரெக்கார்டாக்கியிருந்தால், ஒரே வரியில் வரும் இரண்டு a-க்கள் வெவ்வேறு அடுக்கில் இருந்தாலும் ஒரே சாவி ஆகிவிடும். பிந்தியது முந்தியதை அழித்துவிடும். வரியைப் பிரித்து எழுதினால் நிரல் சரியாக ஓடும், சேர்த்து எழுதினால் தப்பாக ஓடும். இந்தப் பிழையைத் தேடிப் பிடிப்பது கொடுமை. ஹாஷ் மேப்புக்குப் பதில், உள்ளடக்கத்தைப் பார்க்காமல் அதே பொருள்தானா என்று மட்டும் பார்க்கும் ஐடென்டிட்டி ஹாஷ் மேப் போட்டால் தீர்ந்தது.

ஜாவா வடிவம் மெதுவானது என்பதையும் ஆசிரியர் ஒளிக்கவில்லை. 14-ஆம் அத்தியாயத் தொடக்கத்தில் ஃபிபோனாச்சி 40-ஐக் கணக்கிட அது தன் மடிக்கணினியில் சுமார் 72 விநாடி எடுப்பதாகவும், அதற்கு இணையான சி நிரல் அரை விநாடியில் முடிப்பதாகவும் சொல்கிறார். மரத்தின் கணுக்கள் நினைவகத்தில் சிதறிக் கிடப்பதால், ஒவ்வொரு தாவலிலும் பிராசஸரின் கேஷில் (வேகமான சிறு நினைவகத்தில்) தேவையான தரவு இல்லாமல் போகிறது. அதிலிருந்து பைட்கோடுக்கு, அதாவது வரிசையாக அடுக்கிய சிறு கட்டளைகளுக்கு, வழி திறக்கிறது.

சி பகுதியில் மரமே இல்லை. படிக்கப் படிக்க நேராக பைட்கோடாக மாற்றிவிடுகிறார். இதில் மையமானது 17-ஆம் அத்தியாயத்தின் பிராட் (Pratt) பார்சர்: ஒவ்வொரு டோக்கனுக்கும் முன்னால் வந்தால் எந்த ஃபங்ஷன், நடுவில் வந்தால் எந்த ஃபங்ஷன், முன்னுரிமை என்ன என்று மூன்று பத்திகள் கொண்ட அட்டவணை. அட்டவணை நீளமாக இருக்கிறதே தவிர, அதை இயக்கும் ஃபங்ஷன் ஒரு திரைக்குள் அடங்கிவிடும். அங்கே அடிக்கடி விடுபடுவது ஒரே ஒரு +1. இருபுறச் செயலிகளுக்கு வலப்பக்கத்தைப் படிக்கும்போது தன்னைவிட ஒரு படி உயர்ந்த முன்னுரிமையைக் கேட்க வேண்டும். அதை விட்டால் 8 - 3 - 2 என்பதற்கு 3-க்குப் பதில் 7 வரும். 1 + 2 * 3 மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

புத்தகத்தின் உச்சம் 26-ஆம் அத்தியாயம், இனித் தேவைப்படாத நினைவகத்தைத் தானே விடுவிக்கும் கார்பேஜ் கலெக்டர். சி பகுதியை எழுதுகிறவர்கள் அதிகம் சிக்கிக்கொள்வதும் இங்கேதான். ஸ்டாக் (நிரல் ஓடும்போது மதிப்புகளை அடுக்கி வைக்கும் இடம்), குளோபல் அட்டவணை போன்ற வேர்களிலிருந்து எட்டக்கூடிய பொருள்களைக் குறித்துவிட்டு மற்றதை விடுவிக்கும் எளிய முறை. சிக்கல் என்னவென்றால், புதிதாகப் பிறந்த பொருள் எந்த வேரிலும் சேராத சில கணங்கள் உண்டு. ஒரு ஸ்டிரிங்கை கான்ஸ்டன்ட் பட்டியலில் சேர்க்கப் போகிறீர்கள். பட்டியல் நிறைந்துவிட்டதால் அதைப் பெரிதாக்க வேண்டும். பெரிதாக்க நினைவகம் கேட்டதும் கலெக்டர் ஓடுகிறது. உங்கள் ஸ்டிரிங் இன்னும் எங்கும் இல்லாததால் அதை விடுவித்துவிடுகிறது. பட்டியலில் மிஞ்சுவது செத்த பாயிண்டர், விடுவித்த இடத்தைக் காட்டும் வெற்று முகவரி. அதனால்தான் சேர்ப்பதற்கு முன் ஸ்டாக்கில் தள்ளி, சேர்த்தபின் எடுக்கிறார். இரண்டு ஸ்டிரிங்குகளை இணைக்கும்போதும் அதே கதை: புதியது உருவாகும்வரை பழைய இரண்டையும் ஸ்டாக்கிலிருந்து எடுக்கக் கூடாது, எட்டிப் பார்க்க மட்டும் வேண்டும்.

இந்த வரிகளில் ஒன்றை விட்டுவிட்டாலும் சின்ன நிரல்கள் எல்லாம் நன்றாகவே ஓடும். ஏனென்றால் ஒதுக்கிய நினைவகம் ஒரு மெகாபைட்டைத் தாண்டும்போதுதான் கலெக்டர் முதன்முதலாக ஓடுகிறது. அதனால் நினைவகம் கேட்கும் ஒவ்வொரு முறையும் கலெக்டரை ஓடவைக்கும் சோதனை நிலை ஒன்றைப் புத்தகமே தருகிறது. அதை இந்த அத்தியாயத்தின் முதல் நாளிலிருந்தே இயக்கி வையுங்கள். கூடவே சி கம்பைலரின் அட்ரஸ் சானிடைசரையும் சேர்த்தால், விடுவித்த நினைவகத்தைத் தொட்ட வரி எது, அதை விடுவித்த வரி எது என்று இரண்டையும் காட்டிவிடும். இந்த இரண்டும் இல்லாமல் அங்கே தேடுவது வீண் வேலை.

கடைசி அத்தியாயம் வேகத்தைப் பற்றியது. ஹாஷ் டேபிளின் அளவு எப்போதும் 2-இன் அடுக்காக இருப்பதால், மீதி காணும் வகுத்தலுக்குப் பதில் பிட் மாஸ்க் போடலாம் என்ற ஒரே மாற்றம், அவர் காட்டும் அளவீட்டில் வேகத்தை ஏறக்குறைய இரட்டிப்பாக்குகிறது. ஊகிக்காமல், நேரம் எங்கே செலவாகிறது என்று காட்டும் புரொஃபைலரைப் பார்த்து அந்த இடத்துக்குப் போகிறார் என்பதுதான் படிக்க வேண்டிய பாடம். அந்த அளவீடு ஹாஷ் தேடலையே குறிவைத்து எழுதப்பட்டது என்பதையும் மறைக்காமல் சொல்கிறார். அடுத்து ‘NaN பாக்சிங்’, எண் அல்லாத மதிப்புகளை தசம எண்ணின் பயன்படாத பிட்களுக்குள் ஒளித்து வைக்கும் உத்தி: 64 பிட் கணினியில் 16 பைட் பிடித்த மதிப்பு 8 பைட்டுக்குள் அடங்குகிறது.

குறைகள் உண்டு. லாக்ஸில் அரே கிடையாது; கற்றபின் அந்த மொழியில் உருப்படியாக ஏதாவது எழுதலாம் என்று உட்கார்ந்தால் இதுதான் முதலில் இடிக்கும். டைப் செக்கிங், மெஷின் கோட் உருவாக்கம், ஜிட் (ஓடும்போதே மெஷின் கோடாக மாற்றுவது) எதுவும் இல்லை. இரண்டாம் வடிவத்தில் மரம் இல்லாததால் ஆப்டிமைசேஷன் முறைகளைச் சேர்த்துப் பார்க்கவும் இடம் குறைவு. பைட்கோடை ஓட்டும் முழு மெய்நிகர் இயந்திரமும் ஒரே குளோபல் மாறியில் இருப்பதால், வேறொரு நிரலுக்குள் இரண்டு பிரதிகளாக வைத்து ஓட்ட வேண்டுமென்றால் எல்லா ஃபங்ஷன்களையும் திருத்த வேண்டும். சோதனைத் தொகுப்பை ஓட்டும் நிரல் டார்ட்டில் இருக்கிறது. அதற்காகவே டார்ட்டை நிறுவ வேண்டும். சோதனைக் கோப்புகளில் எதிர்பார்க்கும் விடை கமென்ட்டாகவே இருப்பதால், சில பத்து வரிகளில் நீங்களே வேறு மொழியில் ஓட்டும் நிரலை எழுதிக்கொள்ளலாம். ரஸ்டில் எழுத விரும்புகிறவர்கள் ஜாவாப் பகுதியை ரஸ்டில் எழுதட்டும். சி பகுதியை முதல் முறை சி-யிலேயே எழுதுவது நல்லது. பாயிண்டர்களால் பின்னிய அந்த அமைப்பை ரஸ்ட்டின் கடன் விதிகளுக்குள் (ஒரு தரவை யார், எப்போது தொடலாம் என்ற கட்டுப்பாடுகளுக்குள்) திணிப்பது தனிப் பாடமாக விரிந்து, கலெக்டர் பற்றிய பாடத்தை விழுங்கிவிடும்.

வேலைக்காக ஒரு வினவல் மொழியோ விதிகளை எழுதும் சிறு மொழியோ தேவைப்படுகிறவர்களுக்கு 4 முதல் 8 வரை போதும். அந்த ஐந்தையும் சில வாரங்களின் மாலைகளில் முடிக்கலாம். சி-யில் பாயிண்டரும் யூனியனும் ஃபங்ஷன் பாயிண்டரும் பழக்கமில்லாதவர்கள் 14-க்குப் போகும் முன் அவற்றைப் பழகிக்கொள்ளட்டும், புத்தகம் அவற்றைக் கற்றுத்தராது. ரசனைக்காகப் படிப்பவர்களுக்கு ஓரக் குறிப்புகளும், கையால் வரைந்து கையால் எழுதிய படங்களும், சில அத்தியாயங்களின் முடிவில் வரும் மொழி வடிவமைப்புக் குறிப்புகளும் விருந்து. ஓரக் குறிப்புகளுக்காகவே அகலமான திரையிலோ காகிதத்திலோ படியுங்கள்; கைபேசியில் அவை பாடத்துக்கு நடுவே நுழைந்து ஓட்டத்தைக் கெடுக்கின்றன.

அத்தியாய முடிவுப் பயிற்சிகளைச் செய்யுங்கள், ஆனால் நிரலின் மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட் (Git) கருவியில் தனிக் கிளையில். மூல நிரலில் கலந்தால் அடுத்த அத்தியாயத்தின் துண்டுகள் பொருந்தாது. சில பயிற்சிகள் அதைவிட மோசமாகத் திருப்பி அடிக்கும். ஸ்டாக்கைத் தேவைக்கேற்ப வளரவிடுவது 15-ஆம் அத்தியாயப் பயிற்சி. செய்யும்போது சுலபமாகத்தான் இருக்கும். 24-இல் ஃபங்ஷன் அழைப்புகளும் 25-இல் க்ளோஷர்களும் (வெளி மாறிகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃபங்ஷன்களும்) ஸ்டாக்கின் உள்ளேயே நேராகச் சுட்டும் பாயிண்டர்களை வைத்துக்கொள்கின்றன; ஸ்டாக் வளர்ந்து இடம் மாறினால் அவை எல்லாம் பழைய முகவரியையே காட்டும். வளரும் ஸ்டாக் வேண்டுமென்றால் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் அந்தப் பாயிண்டர்களைத் திருத்த வேண்டும், அல்லது பாயிண்டருக்குப் பதில் ஸ்டாக்கின் அடியிலிருந்து எண்ணிய இடத்தைச் சேமிக்க வேண்டும்.