எடை குறைந்த ஏர் ரைபிள், ஏழு டப்பா பெல்லட்: இருபது மாத அனுபவம்

ரைபிள் வாங்கி இருபது மாதம் ஆகிறது. இத்தனை நாளில் ரைபிளைப் பற்றி யோசித்ததை விட அதற்குள் போகும் பெல்லட்டை, அதாவது சின்ன ஈயக் குண்டைப் பற்றி யோசித்ததுதான் அதிகம், அதனால் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

கும்பகோணத்துக்குப் பக்கத்தில் அரசலாற்றங்கரை கிராமம் எங்களுடையது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிளில் வெண்கலம் வாங்கினதைப் பார்த்ததிலிருந்து என் மகள், "அப்பா, நானும் கத்துக்கிறேம்ப்பா" என்று விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது 13 வயது. போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை இருக்கலாம் என்பது விதி, கையில் வாங்கிப் பார்த்தபோது இரண்டு நிமிடத்தில் தோள் இறங்கிவிட்டது. அதனால் 2.7 கிலோவில் ஒன்று எடுத்தோம். 4.5 மி.மீ., மர ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), கைப்பம்பில் முன்கூட்டியே காற்றடைத்து வைக்கும் பி.சி.பி. ரகம், போல்ட்டை (பின்பக்கத் தாழ்ப்பாள்) இழுத்து ஒவ்வொரு பெல்லட்டாக வைத்துச் சுட வேண்டும். 2016 ஆயுத விதிகள்படி 4.5 மி.மீ. விட்டத்துக்கும் 20 ஜூலுக்கும் மேல் போகாத ஏர் ரைபிளுக்கு உரிமம் தேவையில்லை. இது 0.53 கிராம் பெல்லட்டை விநாடிக்கு 200 மீட்டர் வேகத்தில் தள்ளுகிறது, கணக்குப் போட்டால் 10.6 ஜூல்தான் வரும்.

வெளிநாட்டில் போல்ட் ரைபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவை வீட்டிலேயே தயார் செய்வார்கள். வெடிமருந்தை அளந்து போட்டு, எந்தக் குண்டுக்கு எவ்வளவு மருந்து வைத்தால் தன் பேரலுக்கு (குழலுக்கு) ஒத்துப்போகிறது என்று மாதக்கணக்கில் தேடுவார்கள். நமக்கு அந்த வழி கிடையாது, ஏர் ரைபிளில் மருந்தும் கிடையாது. ஆனால் தேடல் என்னவோ அதேதான். ஒரே கம்பெனி, ஒரே மாடல், அடுத்தடுத்த நம்பர் ரைபிள் இரண்டை எடுத்துக்கொண்டால்கூட ஒன்றுக்குப் பிடித்த பெல்லட் இன்னொன்றுக்குப் பிடிக்காமல் போகும். அதனால்தான் நான் பெல்லட் பெயர் எதையும் இங்கே சொல்லவில்லை. பெயரைச் சொன்னால் அதையே வாங்கிப் போட்டுவிட்டுத் தேடாமல் இருந்துவிடுவீர்கள்.

எங்கள் வீடு பழைய காலத்து நீள வீடு. திண்ணை, ரேழி, கூடம், தாழ்வாரம் தாண்டிக் கொல்லை வரை ஒரே நேர்கோடு. கூடத்துத் தூணிலிருந்து கொல்லைச் சுவர் வரை டேப் வைத்து அளந்தால் பத்து மீட்டருக்குக் கொஞ்சம் கூடுதல், அதுவே எங்கள் ரேஞ்சு. சுவருக்கு முன்னால் மரப்பெட்டி, உள்ளே பின்பக்கம் கனமான இரும்புத் தகடு, அதற்கு முன் ஒரு சாண் கனத்துக்குக் களிமண். வெறும் களிமண் காய்ந்து வெடித்தது, பழைய இன்ஜின் ஆயில் கலந்து பிசைந்து வைத்த பிறகு வெடிப்பதில்லை. கொல்லைக் கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் வைத்துக்கொண்ட பிறகுதான் முதல் பெல்லட்டையே எடுப்போம். இருவருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். 25 மீட்டருக்குத் தென்னந்தோப்பில் ஆள் உயரத்துக்கு மண் கொட்டி மேடு போட்டிருக்கிறேன்.

ரைபிளைப் பார்ப்பவர்கள் எல்லாம் கொக்கு, நாரை என்றுதான் கேட்கிறார்கள். வடுவூர் ஏரிக்கும் உதயமார்த்தாண்டபுரத்துக்கும் பறவைகள் வந்து தங்கும் பூமி இது, நம் வயலில் இறங்கும் நத்தைகுத்தி நாரை வயலில் இருக்கும் நத்தையைத்தான் தின்கிறது. 1972 வனவிலங்குச் சட்டப்படி அவற்றைச் சுடுவது குற்றம். சட்டமே இல்லாவிட்டாலும் என் கையிலிருந்து ஒரு பெல்லட் அந்தப் பக்கம் போகாது.

சரி, செட்டப். ஸ்கோப்பில் (குறிபார்க்கும் தொலைநோக்கி) ஒரு தவறு செய்தேன். கடையில் கொடுத்தது பெரிய ரைபிளுக்கான 3-9x40, நூறு கெஜத்துக்கு என்று செய்தது. பத்து மீட்டரில் காகிதம் மங்கலாகத் தெரிந்தது, கண்ணைக் கொஞ்சம் நகர்த்தினால் குறியும் நகர்ந்தது. பத்து கெஜத்திலிருந்தே ஃபோகஸ் மாற்றக்கூடியதாக வேறு ஒன்று வாங்கிப் போட்டேன். எடை குறைந்த ரைபிளில் அரை கிலோ ஸ்கோப்பை உட்கார வைத்தால் தலை கனத்துப் புரள்கிறது, ஆகவே ஸ்கோப்பிலும் சின்னதையே எடுங்கள். 25 மீட்டரில் ஜீரோ செய்தால் (குறி வைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) பத்து மீட்டரில் அரை சென்டிமீட்டர் கீழே அடிக்கும், ஸ்கோப் பேரலுக்கு மேலே உட்கார்ந்திருப்பதால் வருவது அது. ட்ரிக்கரைக் கொஞ்சம் இலகுவாக்கினேன், அவ்வளவுதான்.

காற்றின் அழுத்தம் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில் ரெகுலேட்டர் (அழுத்தத்தை ஒரே அளவில் வைக்கும் பாகம்) இல்லை. 200 பார் (காற்றழுத்த அளவு) வரை அடைக்கலாம் என்று எழுதியிருக்கிறது, நானும் அப்படியே அடைத்தேன். முதல் எட்டுப் பத்துக் குண்டும் தாழ்வாகவே போயின. கிளப்பில் க்ரோனோகிராப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்த்தபோதுதான் விளங்கியது. அழுத்தம் அதிகமாக இருக்கும்போது அதுவே வால்வை அழுத்திப் பிடித்துக்கொள்கிறது, சுத்தியல் அடித்தாலும் வால்வு முழுதாகத் திறப்பதில்லை, வேகம் விநாடிக்கு 190 மீட்டருக்கு மேல் ஏறவில்லை. 175 பாருக்கு இறங்கிய பிறகு 200 வந்து, 120 பார் வரை அங்கேயே நின்றது. பத்து மீட்டர் வேக வித்தியாசம் 25 மீட்டர் தூரத்தில் கிட்டத்தட்ட ஒரு சென்டிமீட்டர் உயர வித்தியாசமாகிவிடும். இப்போது 175 பாரோடு நிறுத்திக்கொள்கிறேன், 35 குண்டு நிம்மதியாகச் சுடலாம். பம்படிக்கும் உழைப்பும் மிச்சம். இதைக் கண்டுபிடிக்காமல் பெல்லட் சோதனை செய்திருந்தால் நல்ல பெல்லட்டையும் மோசம் என்று ஒதுக்கியிருப்பேன்.

பெல்லட்டுக்கு வருகிறேன். ஏழு டப்பா. தட்டைத் தலை மூன்று (ஒரே கம்பெனி, தலை அளவு மட்டும் 4.49, 4.50, 4.51), உருண்டைத் தலையில் 0.55 கிராம் ஒன்று, 0.67 கிராம் ஒன்று, கூர்முனை ஒன்று, விலை குறைந்த தட்டைத் தலை ஒன்று. டப்பா மாற்றும்போதெல்லாம் இருபது குண்டு கணக்கில் சேர்க்காமல் சுட்டேன், பேரலுக்குள் முந்தைய பெல்லட்டின் ஈயப் படிவு மாறி அமைய அவ்வளவு வேண்டும். பிறகு ஐந்து ஐந்தாகப் பத்து குரூப் (ஒரே குறிக்குச் சுட்ட ஐந்து ஓட்டைகளின் கூட்டம், அகலம் குறைந்தால் நல்லது). ஓட்டைகளின் வெளி விளிம்புக்கு வெளி விளிம்பு அளந்து 4.5 மி.மீ. கழித்து நோட்டில் எழுதினோம், எழுதியதெல்லாம் மகள்தான். ஏன் பத்து குரூப் என்றால், கூர்முனை பெல்லட் முதல் ஐந்திலேயே 3 மி.மீ. கொடுத்தது, அன்றே முடிவு செய்திருந்தால் ஏமாந்திருப்போம். மீதி ஒன்பதின் சராசரி 11.

பத்து மீட்டரில் 4.51 தட்டைத் தலைதான் நின்றது, சராசரி 5 மி.மீ. 4.49-ல் 8 வந்தது. ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசம் அது. போல்ட்டைத் தள்ளும் கட்டைவிரலுக்கே அது தெரியும்: 4.49 வழுக்கிக்கொண்டு உள்ளே போய்விடும், 4.51 கடைசி நூலளவில் லேசாக இறுகி, பிறகு சட்டென்று உட்காரும். மகளுக்கு இந்த உணர்வு என்னை விட நன்றாகப் பிடிபட்டது, கண்ணை மூடிக்கொண்டே எந்த டப்பா என்று சொன்னாள். 25 மீட்டரில் கதை மாறிவிட்டது. அதே 4.51 தட்டைத் தலை 38 மி.மீ. சிதறியது, தட்டையான முகம் காகிதத்தை வட்டமாக வெட்டத்தான் நல்லது, தூரத்துக்கு ஆகாது. 0.67 உருண்டைத் தலை 14 மி.மீ., 0.55 உருண்டை 22. ஆடிக் காற்றில் தோப்பில் சுட்டபோது கனமானது குறைவாக விலகியதையும் பார்த்தேன். ஆகவே எங்களுக்கு இரண்டு பெல்லட், இரண்டு தூரம், நோட்டில் இரண்டு ஜீரோ.

விலை குறைந்த டப்பா? அதை விடவும் மனசில்லை, ஏனென்றால் பயிற்சிக்குத் தினம் நாற்பது ஐம்பது போகிறது. கும்பகோணத்தில் தெரிந்த பத்தர் ஒருவரிடம் மூன்று புள்ளி வரை காட்டும் தராசு இருக்கிறது. டப்பாவோடு போனேன். அவர் முதலில் செய்த காரியம் பட்டறைப் பலகையிலிருந்து தராசைத் தூக்கிக்கொண்டு வாசல் பெஞ்சுக்கு வந்ததுதான். "ஈயம் ஒரு துளி தங்கத்துல சேந்தாலும் தங்கம் உடைஞ்சு போயிடும் தம்பி, உள்ள கொண்டாராதீங்க" என்றார். தட்டின் மேல் வெள்ளைக் காகிதம் விரித்து அதன் எடையைக் கழித்துக் கொடுத்தார். அடுத்தது, "ஃபேன நிறுத்துங்க, மூணாவது புள்ளி காத்துக்கே ஆடும்." ஐம்பது பெல்லட்டுக்கு ஒரு முறை படிக்கல் வைத்துத் தராசைச் சரிபார்த்துக்கொண்டே இரண்டு மதியம் உட்கார்ந்து 500-ஐயும் நிறுத்தோம். 0.49-லிருந்து 0.57 வரை இருந்தது. லென்ஸ் வைத்துப் பார்த்ததில் பின்பக்கப் பாவாடை நசுங்கியவை 17. அந்தப் பாவாடைதான் காற்றில் விரிந்து பேரலின் வரிகளைப் பிடிக்க வேண்டும், அது நசுங்கினால் குண்டு எங்கேயோ போகும். 0.52, 0.53, 0.54 என்று தனித்தனிப் பொட்டலம் கட்டினேன். தறிகெட்டுப் போகும் குண்டு போயேபோய்விட்டது, குரூப் 13-லிருந்து 8-க்கு வந்தது. நல்ல டப்பாவை இப்படி நிறுத்ததில் எந்தப் பலனும் தெரியவில்லை, அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள்.

அப்புறம் மழைக்காலம். முதல் கார்த்திகையில் குண்டெல்லாம் இடப்பக்கம் ஒதுங்க ஆரம்பித்தன. ஸ்கோப் திருகு, ஸ்டாக் திருகு, பெல்லட் எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாள் பேரலுக்கும் மரத்துக்கும் நடுவில் பத்து ரூபாய் நோட்டை நுழைத்துப் பார்த்தேன், வாங்கும்போது தடையில்லாமல் ஓடியது பாதி வழியில் நின்றுவிட்டது. மரம் ஈரம் குடித்து ஊதிப் பேரலைத் தொட்டுக்கொண்டிருந்தது. ஊர் ஆசாரி ஸ்டாக்கைக் கழற்றிப் பார்த்து, "வெளிய பாலிஷ் போட்டிருக்காங்க, உள்ள ஒண்ணுமே பூசல, ஊதத்தான் செய்யும்" என்றார். குழாயில் உப்புத்தாள் சுற்றிப் பள்ளத்தைத் தேய்த்து, வெயில் அடித்த ஒரு வாரம் காத்திருந்து, உள்ளே மூன்று கை வார்னிஷ் அடித்தோம். அடுத்த அடைமழையில் நோட்டு ஓடியது.

கைப்பம்பிலும் இதே ஈரம்தான். ஐம்பது அடி அடித்து நிறுத்தி, திருகைத் திறந்தால் கார்த்திகையில் வெள்ளைப் புகை மாதிரி நீர் வரும். அது சிலிண்டருக்குள் போனால் துரு. பம்பு உறிஞ்சும் வாயில் சிலிக்கா ஜெல் குழாய் மாட்டியிருக்கிறேன், நீல மணிகள் கோடையில் ஒரு மாதம் தாங்கும், அடைமழையில் ஒரே வாரத்தில் ரோஸாகிவிடும். வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்தால் மறுபடி நீலம் (சமையலுக்கு எடுக்காத வாணலியாக இருக்கட்டும்). தேங்காய் எண்ணெய், தையல் மிஷின் எண்ணெய் எதையும் காற்று போகும் வழியில் விடவே கூடாது, உயர் அழுத்தத்தில் எண்ணெய் பற்றிக்கொள்ளும், அங்கே சிலிக்கான் கிரீஸ் மட்டும்தான். பேரலின் வெளிப்பக்கம் மிஷின் எண்ணெய் துடைக்கலாம்.

பெல்லட் டப்பாவும் தப்புவதில்லை. மூடி சரியாக மூடாத ஒன்றில் மேலே வெள்ளைப் பொடி பூத்திருந்தது, ஈயம் ஈரத்தில் பூப்பது. கையால் தொடாமல் டப்பாவோடு கட்டி ஒதுக்கினேன். ஈயம் பிள்ளைகள் உடம்புக்குக் கொடியது. சுட்டு முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் மகள் சமையலறைப் பக்கம் போகக் கூடாது என்பதில் அவள் அம்மா என்னை விடக் கண்டிப்பு.

போட்டிக்கு இந்த ரைபிள் போதாது. பத்து மீட்டர் போட்டியில் ஸ்கோப் கூடாது, பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் பொட்டு. ஆனால் ஒரு பிள்ளை தோள் வலிக்காமல் நிற்கவும், மூச்சை அடக்கவும், தான் சுட்டதைத் தானே நோட்டில் எழுதவும் கற்றுக்கொள்ள இதை விட நல்லது எனக்குத் தெரியவில்லை. மறுபடி வாங்குவதானாலும் இதையேதான் வாங்குவேன்.

டப்பாவுக்குப் பின்னால் அச்சடித்திருக்கும் லாட் நம்பரைப் (எந்தத் தொகுதியில் செய்தது என்ற எண்) பாருங்கள். அதே பெயர், அதே 4.51, வேறு லாட் வாங்கியதில் 5 மி.மீ. குரூப் 7 ஆனது. விசாரித்து பழைய லாட்டிலேயே ஆறு டப்பா வரவழைத்தேன், இன்னும் நான்கு இருக்கிறது. அது தீர்ந்ததும் புது லாட்டில் இரண்டு மூன்று டப்பா வாங்கி, இருபது குண்டு கணக்கில் சேர்க்காமல் சுட்டு, பத்து குரூப் எடுக்க வேண்டும். மகள் அதற்கு நோட்டில் இப்போதே கட்டம் போட்டு வைத்திருக்கிறாள்.