நரம்பியல் ரெசிடென்சி: எந்த அமைப்பு நல்ல டாக்டரை உருவாக்குகிறது?

நரம்பியல் ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டே படிக்கும் நிபுணர் பயிற்சிக்கு, இடம் தேடும் இளம் டாக்டர்கள் முதலில் விசாரிப்பது எத்தனை வருடம், எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி என்பதைத்தான். இரண்டுமே முக்கியம்தான். ஆனால் அதற்கும் முன்னால் ஒன்றைக் கேளுங்கள்: இன்று ராத்திரி நீங்கள் பரிசோதிக்கும் நோயாளியை நாளைக் காலையிலும் அடுத்த மாதமும் நீங்களே பார்க்க அங்கே வழி இருக்கிறதா? நரம்பு நோய்கள் பலவும் நாள் போகப் போகத்தான் பிடிபடும். ஒருமுறை பார்த்துவிட்டுக் கைமாற்றுகிறவருக்குப் பாதிப் பாடம்தான் கிடைக்கும்.

முழு எம்.டி.யா, ஒரு வருடப் பொது மருத்துவமா?

இந்தியாவில் வழக்கமான பாதை நீளமானது. எம்.பி.பி.எஸ்.சுக்குப் பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ மூன்று வருட எம்.டி., அப்புறம் நரம்பியலில் மூன்று வருட டி.எம். அமெரிக்காவில் மருத்துவப் பட்டத்துக்குப் பிறகு மொத்தமே நான்கு வருடம். முதல் வருடத்தில் பெரும்பகுதி பொது மருத்துவம். மீதி மூன்று வருடம் நரம்பியல். அந்த மூன்றுக்குள் குழந்தை நரம்பியலுக்கு மூன்று மாதமும் மனநலப் பிரிவுக்கு ஒரு மாதமும் போய்விடும்.

ஆக, நரம்பியலுக்கென்று கிடைப்பது இரண்டு பக்கமும் மூன்று வருடம்தான். வித்தியாசம் அதற்கு முந்தைய அடித்தளத்தில். குழம்பிப் பேசும் முதியவரைக் கொண்டுவந்தால், காரணம் மூளையிலேயே இருக்க வேண்டியதில்லை. சோடியம் இறங்கியிருக்கலாம், கல்லீரல் பழுதாகியிருக்கலாம், சிறுநீர்த் தொற்றாகவும் இருக்கலாம். எம்.டி. முடித்தவர் இதை யோசிக்காமலே யோசிப்பார். ஒரு வருடம் மட்டும் படித்தவருக்கு அந்தப் பழக்கம் வர நாளாகும். எல்லா வகை நோயாளிகளும் வரும் பொது ஆஸ்பத்திரியில் வேலை செய்யப்போகிறவருக்கு நீண்ட பாதையையே பரிந்துரைப்பேன். ஆராய்ச்சியில் மனம் உள்ளவருக்குக் குறுகிய பாதை மிச்சப்படுத்தும் வருடங்கள் பெரிய லாபம்.

24 மணி நேர டியூட்டியா, தனி நைட் டீமா?

இங்கேதான் அதிகம் யோசிக்க வேண்டும். சாயங்காலம் ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். இரண்டு நாளாகக் கால் மரத்துப்போகிறது, மாடி ஏற முடியவில்லை என்கிறார். முழங்காலில் சுத்தியலால் தட்டினால் லேசாக அசைவு இருக்கிறது. ஒரே மூச்சில் எண்ணச் சொன்னால் 30 வரை எண்ணுகிறார். விடிகாலையில் அதே ஆள் 15-இல் நின்றுவிடுகிறார், முழங்கால் அசையவே இல்லை. நரம்புகளைத் தாக்கித் தசைகளைத் தளரவைக்கும் கில்லன்-பாரே நோய் இப்படித்தான் காலிலிருந்து மேலே ஏறும். மூச்சுத் தசை தளருமுன் ஐ.சி.யூ.வுக்கு மாற்றியாக வேண்டும். இரண்டு நேரமும் அதே கை தட்டிப் பார்த்திருந்தால் மாற்றம் உடனே தெரியும். டீம் மாறிவிட்டால், காலையில் வருகிறவருக்குக் கிடைப்பது ‘ரிஃப்ளெக்ஸ் குறைவு’ என்ற இரண்டு வார்த்தைதான்.

அதற்காக 24 மணி நேர டியூட்டியே மேல் என்று சொல்லிவிட முடியாது. தூக்கமில்லாத மூளை தப்புச் செய்யும். 2004-இல் பாஸ்டனில் ஐ.சி.யூ.வில் நடந்த ஆய்வு ஒன்றில், நீண்ட ஷிஃப்ட் பார்த்தபோது பயிற்சி டாக்டர்கள் செய்த பெரிய தவறுகள் சுமார் 36 சதவீதம் கூடுதலாக இருந்தன. 2020-இல் வெளிவந்த, குழந்தைகளுக்கான ஆறு ஐ.சி.யூ.க்களில் நடந்த ஆய்வில் முடிவு தலைகீழாக வந்தது: ஷிஃப்டைக் குறைத்தபோதுதான் தவறு கூடியது. ஆனால் ஷிஃப்டைக் குறைத்த காலத்தில் ஒவ்வொரு ரெசிடென்ட் கையிலும் நோயாளிகள் அதிகம். அதைக் கணக்கில் எடுத்ததும் வித்தியாசம் மறைந்துவிட்டது. எத்தனை மணி நேரம் என்பதோடு, ஒருவர் தலையில் எத்தனை நோயாளி என்பதையும் கேட்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

அமெரிக்க விதி வாரத்துக்கு 80 மணி நேரம், நான்கு வாரச் சராசரியில். தொடர்ச்சியாக 24 மணி நேரம், கைமாற்றிக் கொடுக்க இன்னும் நான்கு. பிரிட்டனில் வாரச் சராசரி 48 மணி நேரம்தான். என் ஓட்டு தனி நைட் டீமுக்கு, ஒரு நிபந்தனையோடு: கைமாற்றுவது கட்டிலருகில் நடக்க வேண்டும். ராத்திரி பார்த்தவரும் காலையில் வந்தவரும் சேர்ந்து ஒருமுறை தட்டிப் பார்க்கட்டும். பத்து நிமிஷ வேலை. போனிலோ பேப்பரிலோ அது நடக்காது.

ஸ்ட்ரோக் அழைப்பை யார் எடுக்கிறார்கள் என்பதையும் இதோடு விசாரியுங்கள். அறிகுறி தொடங்கிய நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து போக வேண்டும் என்பதால் அந்த அழைப்பு வந்தால் ஓடியே ஆக வேண்டும். வார்டில் ஒருவருக்கு முதுகுத் தண்டுநீர் எடுத்துக்கொண்டிருப்பவரே ஸ்ட்ரோக்குக்கும் ஓட வேண்டிய ஆஸ்பத்திரியில் இரண்டும் அரைகுறையாகும். தனி ஸ்ட்ரோக் டீம் இருப்பதே நல்லது.

வாரம் ஒரு ஓ.பி.யா, மொத்தமாக ஒரு வாரமா?

சில இடங்களில் வருடம் முழுக்க வாரத்தில் அரை நாள் ஓ.பி. சில இடங்களில் நான்கு வாரம் வார்டு, ஐந்தாவது வாரம் முழுக்க ஓ.பி. இரண்டாவது முறை நிம்மதியானது, வார்டு போன் அடிக்காது. ஆனால் வலிப்பு மருந்தின் அளவைக் கூட்டிய நோயாளி மூன்று வாரத்தில் வரவேண்டியிருந்தால் அன்றைக்கு நீங்கள் இருக்க மாட்டீர்கள். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மருந்து ஆரம்பித்தால், அது எவ்வளவு கேட்கிறது என்பதே நோயறிதலில் ஒரு பகுதி. ஆரம்பித்தவரே அதைப் பார்க்காவிட்டால் எப்படிக் கற்பது? வாரா வாரம் ஓ.பி.தான் சரி, அந்த அரை நாள் வார்டு போனை வேறொருவர் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி., தசைகளின் மின் அசைவைப் பதியும் இ.எம்.ஜி. விஷயத்தில் பெரிய சர்ச்சை இல்லை. முதலில் சேர்ந்தாற்போல் சில வாரம் உட்கார்ந்து பழகிவிட்டு, அப்புறம் தன் நோயாளிகளின் பதிவுகளைத் தானே படித்து மூத்தவரிடம் காட்டும் வழி எங்கே இருந்தாலும் நல்லதே.

சேருமுன் கையேட்டை மட்டும் படித்துவிட்டு முடிவு செய்யாதீர்கள். இப்போது இரண்டாம் வருடம் படிக்கும் ஒருவரிடம் போன மாத டியூட்டி ரோஸ்டரைக் காட்டச் சொல்லுங்கள். நைட்டுக்கு அடுத்த நாள் காலை எந்த நேரத்துக்கு வீட்டுக்குப் போனார், ராத்திரி எத்தனை பேரைத் தனியாகப் பார்த்தார், போன முறை ஓ.பி.யில் பார்த்தவர்களில் எத்தனை பேர் மறுபடி அவரிடமே வந்தார்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.