பொன்னியின் செல்வன் மலிவுப் பதிப்பு: வாங்கும் முன் முதுகைப் பாருங்கள்

சேலத்தில் புத்தகத் திருவிழா நடந்தாலும் சரி, பழைய புத்தகக் கடைக்குள் நுழைந்தாலும் சரி, கண்ணில் முதலில் படுவது கல்கியின் ஐந்து பாகங்கள்தான். அவருடைய எழுத்துகள் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். 2022-இல் படம் வந்த பிறகு புதுப்புது அட்டைகளோடு பதிப்புகள் இன்னும் பெருகிவிட்டன. எல்லாவற்றிலும் கதை ஒன்றுதான். தையல், தாள், பிழைத்திருத்தம் இந்த மூன்றில்தான் ஒன்றுக்கொன்று மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம்.

மலிவுப் பதிப்புகளில் பெரும்பாலானவை தைக்காமல் சூட்டுப் பசையில் ஒட்டியவை. முதலில் பிளப்பது ஐந்தாம் பாகம். காரணம் எளிது: முதல் பாகம் 57 அத்தியாயம், இரண்டாவது 53, மூன்றும் நான்கும் 46, ஐந்தாவதான ‘தியாகச் சிகரம்’ மட்டும் 91. அவ்வளவு கனத்தை ஒரு கோடு பசை தாங்காது. சேலத்து வெயிலில் பசை காய்ந்து இறுகிவிடும்; விரித்து வைத்துப் படித்தால் நடுவில் ‘படக்’கென்று விட்டுவிடும். 293 அத்தியாயத்தையும் ஒரே குண்டுப் புத்தகமாகப் போட்ட பதிப்பு இன்னும் மோசம். அதைத் தவிர்ப்பது நல்லது.

கடையிலேயே பார்த்துவிடலாம். மூடிய புத்தகத்தின் மேல் விளிம்பை, முதுகை ஒட்டிப் பாருங்கள். தாள்கள் சிறுசிறு மடிப்புக் கட்டுகளாகத் தெரிந்து, கட்டின் நடுவில் நூலும் இருந்தால் அது தைத்தது. ஒரே சீராக வெட்டிய தாள் என்றால் பசை மட்டும்தான். அடுத்து, பக்க எண்களைப் புரட்டுங்கள். ஒரு ஃபாரம், அதாவது ஒரே தாளில் அச்சிட்டு மடித்த கட்டு, பெரும்பாலும் 16 பக்கம். விடுபட்டால் 16 பக்கம் மொத்தமாகப் போகும், இல்லையென்றால் அதே 16 பக்கம் இரண்டு முறை வரும். திருவிழாக் கடை பத்து நாளில் காலி செய்துவிடும், பிறகு மாற்றித் தர ஆள் இருக்காது. அதனால் பிரித்துப் பார்க்காமல் பில் போடாதீர்கள்.

பிழைகளுக்கு ஒரு சோதனை உண்டு. இரண்டாம் பாகத் தொடக்கத்தில் பூங்குழலி படகில் பாடும் பாட்டைப் பாருங்கள். வரி வரியாக மடக்கியிருந்தால் யாரோ அக்கறையோடு பார்த்த பதிப்பு. உரைநடை போல ஓட்டியிருந்தால், ஒற்று விடுபட்டும் துணைக்கால் ‘ர’வாக மாறியும் உள்ளே நிறையக் கிடக்கும். கடைசியில் ஆசிரியரின் முடிவுரை இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். கதைமாந்தர்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று கேட்கும் வாசகருக்குக் கல்கியே சொல்லும் பதில் அது. அதை வெட்டிய பதிப்பை அரைகுறை என்றுதான் சொல்ல வேண்டும்.

இவ்வளவு பார்ப்பது எதற்கு என்றால், இது ஒருவர் படித்து மூடி வைக்கும் புத்தகம் இல்லை. 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடரைக் கிழித்துச் சேர்த்து, மணியம் ஓவியங்களோடு பைண்டு செய்து பெட்டியில் பூட்டி வைத்த தலைமுறை ஒன்று இருந்தது. குந்தவை, வானதி என்று பெண் குழந்தைகளுக்குப் பேர் வைத்த வீடுகள் எத்தனையோ. ‘அலை ஓசை’க்கு 1956-இல் சாகித்ய அகாதமி விருது வந்தபோது கல்கி உயிரோடு இல்லை. வாசகர் கொடுத்த இடமோ அதற்கு முன்பே உறுதியாகிவிட்டது. நம் பக்கத்துக்கு அவர் அந்நியரும் இல்லை: அன்று சேலம் ஜில்லாவில் இருந்த திருச்செங்கோடு காந்தி ஆசிரமத்தில் தங்கி, ராஜாஜியின் மதுவிலக்குப் பத்திரிகையான ‘விமோசன’த்தில் வேலை செய்தவர். கதை தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று. மேட்டூரிலும் பூலாம்பட்டியிலும் ஆடிப் பதினெட்டுக்குக் காவிரியில் இறங்கும் பிள்ளையிடம் முதல் அத்தியாயத்தைக் கொடுத்துப் பாருங்கள், கீழே வைக்காது.

ஏற்கனவே மலிவுப் பதிப்பு வாங்கிவிட்டால் பிளக்கும் முன்பே பைண்டிங்குக்குக் கொடுத்துவிடுங்கள். உள் ஓரம் அரை அங்குலத்துக்குக் குறையாமல் இருந்தால் பக்கவாட்டில் தைக்கலாம். குறைந்தால் நூல் எழுத்தைத் தின்றுவிடும். முதுகுக்குக் காலிகோ துணி கேளுங்கள். மைதாப் பசையில் மயில்துத்தம் கலக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் ராமபாணப் பூச்சி பசைக்காகவே வந்து அரிக்கும். ஓரத்தை வெட்டிச் சீராக்குகிறேன் என்றால் நூலளவுக்கு மேல் வெட்ட விடாதீர்கள்.

ஏற்காட்டில் வைத்திருப்பவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. மழை மாதங்களில் மூடுபனி அலமாரிக்குள்ளும் வரும், மலிவுத் தாள் ஈரத்தை உறிஞ்சிப் பூசணம் பூக்கும். சுவரை ஒட்டி வைக்காமல் இரண்டு விரல் இடைவெளி விடுங்கள். வெயில் வந்ததும் நிழலில் விரித்துக் காற்றாட வையுங்கள். நேர் வெயிலில் வைத்தால் பசை போய்விடும்.