பெரிய எம்சிபியா, தனி மின்சுற்றா?

சமையலறை எம்சிபி (சுமை அளவு மீறினால் மின்சாரத்தைத் தானே துண்டிக்கும் சுவிட்ச்) அடிக்கடி விழும் வீடுகளில் இரண்டு வழிகள் பேசப்படுகின்றன: 16 ஆம்பியரை எடுத்துவிட்டு 32 ஆம்பியர் பொருத்துவது, அல்லது மெயின் போர்டிலிருந்து கீசருக்குத் தனி வயர் இழுப்பது. முதல் வழி பத்து நிமிடத்தில் முடியும். ஆயினும் அதை நான் ஒருபோதும் பரிந்துரைக்கமாட்டேன்.

230 வோல்ட்டில் 2000 வாட் கீசர் ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். அதே அளவு இண்டக்‌ஷன் அடுப்பும் 1000 வாட் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்தால் சுமை 21.7 ஆம்பியர் ஆகிறது. எம்சிபிக்குள் இருக்கும் ஈருலோகப் பட்டை சூட்டில் வளைந்து மின்சாரத்தைத் துண்டிப்பது, சுவருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடும் 2.5 சதுர மி.மீ. செம்பு வயரைக் காக்கத்தான். 32 ஆம்பியர் எம்சிபியோ 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் விழாமல் நிற்கும். அதற்குள் 70 டிகிரி செல்சியஸுக்கென்று செய்யப்பட்ட பிவிசி உறை அந்த வரம்பைக் கடந்து இளகத் தொடங்கிவிடும்.

தனிச் சுற்றுக்குச் செலவு கூடுதல், சுவரையும் வெட்ட வேண்டியிருக்கும். வாடகை வீடானால் சுவர்மேல் கேசிங், அதாவது வயரை உள்ளே வைத்து மூடும் பிளாஸ்டிக் பட்டை, போதும். கீசர் விலகியதும் பழைய சுற்றில் 13 ஆம்பியரே மிஞ்சும். மின்னோட்டம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் வயரையும் தனியாகவே இழுக்கச் சொல்லுங்கள்; பழையதோடு இணைத்தால் இரு சுற்றுகளின் சுமையும் அந்த ஒரே வயரில் ஏறும்.