சுடவே தகுதியில்லாத கஸ்டம் ரைஃபிள்: கன்ஸ்மித்திடம் பணம் கொடுக்கும் முன் படியுங்கள்

லாங் ரேஞ்ச் வேட்டை ரைஃபிள் ஒன்றைக் கட்டித் தருகிறேன் என்று முழுப் பணத்தையும் வாங்கிக்கொண்டு, சுட்டால் ஆபத்து என்ற நிலையில் ஒன்றை என்னிடம் கொடுத்தார் ஒரு கன்ஸ்மித் (துப்பாக்கி கட்டி, பழுது பார்ப்பவர்). கொலராடோவிலும் பக்கத்து மாநிலங்களிலும் இருக்கும் நம்மவர்களில் சிலர் எல்க் (பெரிய மான் வகை), மான் வேட்டைக்குப் போக ஆரம்பித்திருக்கிறார்கள். கடையில் வாங்கிய துப்பாக்கியில் திருப்தி வராமல் சொந்தமாக ஒன்றைக் கட்டிப் பார்க்கும் ஆசையும் அவர்களுக்கு வந்திருக்கிறது. அவர்கள் அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இது கண்ணில் பட வேண்டும். ஆளின் பெயரை எழுதவில்லை. வெளியே சொல்லக் கூடாது என்பது சமரசத்தில் ஒப்புக்கொண்ட நிபந்தனை.

என்னிடம் ஒரு ரெமிங்டன் 700 இருந்தது. 1962-இல் அறிமுகமான மாடல் அது. அதன் ஆக்‌ஷனை (தோட்டாவை உள்ளே பூட்டி வெடிக்க வைக்கும் நடுப்பகுதி) மட்டும் வைத்துக்கொண்டு பேரல் (குழல்), ஸ்டாக் (தோளில் வைக்கும் கட்டை), ட்ரிகர் எல்லாவற்றையும் மாற்றுவது இந்தப் பொழுதுபோக்கில் பலரும் போகும் வழி. நான் கேட்டது 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கு, பெயர்பெற்ற ஒரு தயாரிப்பாளரின் 24 அங்குல ஸ்டெயின்லெஸ் பேரல், எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற ட்விஸ்ட் (குண்டைச் சுழல வைக்கும் உள்வரிகளின் முறுக்கு), ஆக்‌ஷனை நேர்படுத்துவது, ஃபைபர்கிளாஸ் ஸ்டாக், அதற்கு எபாக்ஸி பெட்டிங் (துப்பாக்கி ஸ்டாக்கில் அசையாமல் உட்காரப் பசை ஊற்றுவது). ஹார்னடி 2007-இல் கொண்டுவந்த இந்தத் தோட்டாவுக்கு உதை குறைவு, நீளமான குண்டு என்பதால் காற்றிலும் அதிகம் ஒதுங்காது. எல்க்குக்கு கொலராடோ கேட்பது குறைந்தது .24 காலிபர், 85 கிரெய்ன் குண்டு, 100 கெஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். இது அதைத் தாராளமாகத் தாண்டும். லாங் ரேஞ்ச் என்றாலும் உயிருள்ள மிருகத்தின் மேல் 400 கெஜத்துக்கு அப்பால் நான் சுட மாட்டேன். இரும்புத் தகட்டைத் தவறவிட்டால் நஷ்டமில்லை. குண்டு விலாவுக்குப் பின்னால் பட்ட எல்க் மைல்கணக்கில் ஓடி எங்கேயோ விழுந்து சாகும். ரைஃபிள் நம்பகமாக இருக்க வேண்டும் என்று நான் பணம் செலவழித்ததற்குக் காரணமே அதுதான்.

கடையில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருந்தது. ஃபெடரல் லைசென்ஸை ஃபிரேம் போட்டு மாட்டியிருந்தார். 1968 துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி இந்தத் தொழிலுக்கு அது கட்டாயம். ஆனால் அந்த லைசென்ஸ் வேலைத்திறனைச் சோதித்துத் தருவது இல்லை. விண்ணப்பதாரரின் பின்னணி, கடை இருக்கும் இடம், பதிவேடு, இவற்றைத்தான் பார்ப்பார்கள். லேத்தில் (கடைசல் இயந்திரம்) பேரலை நேராகப் பிடிக்கத் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. பிரிட்டனில் லண்டன், பர்மிங்ஹாம் போன்ற அங்கீகாரம் பெற்ற புரூஃப் ஹவுஸில் (துப்பாக்கிச் சோதனைக் கூடம்) அதிக அழுத்தத் தோட்டாவால் சோதித்து முத்திரை குத்திய பிறகுதான் துப்பாக்கியை விற்க முடியும். அமெரிக்காவில் அரசு அப்படி எதையும் கட்டாயமாக்கவில்லை. கட்டியவர் சொல்வதை நம்புவதைத் தவிர இங்கே வாங்குபவருக்கு வேறு பாதுகாப்பு கிடையாது.

பாதிப் பணம் கார்டில் வாங்கினார். கொஞ்ச நாள் கழித்து, "பேரல் வந்துவிட்டது, மீதியை அனுப்பினால் உடனே சேம்பர் (பேரலில் தோட்டா உட்காரும் குழி) வெட்டிவிடலாம், கார்டு மெஷின் ரிப்பேர், வங்கியிலிருந்து நேராகப் போட்டுவிடுங்கள்" என்றார். அதற்கப்புறம் சாக்குகள்தான். சேம்பர் வெட்டும் ரீமர் வரவில்லை, லேத் சர்வீஸுக்குப் போயிருக்கிறது, வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை. ஃபோன் எடுப்பது நின்றது, மெசேஜுக்கும் வாரக்கணக்கில் பதில் இல்லை. வருடக்கணக்கில் புள்ளி சேர்த்து டிராவில் (குலுக்கல்) வாங்கிய எல்க் டேக் (வேட்டை அனுமதி) அந்த அக்டோபரோடு வீணாகிப் போனது.

இந்தத் தாமதத்துக்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்கிறது. கார்டில் கொடுத்த பணத்தைத் தகராறு செய்து திரும்பக் கேட்க ஃபெடரல் சட்டம் தரும் அவகாசம், அந்தத் தொகை வந்த முதல் ஸ்டேட்மெண்ட்டிலிருந்து 60 நாள். அதற்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். ரைஃபிள் வேலையோ மாதக்கணக்கில் நடப்பது. இன்று நாளை என்று இழுத்தாலே அந்தக் கதவு தானாக மூடிக்கொள்ளும். என் விஷயத்தில் மூடிக்கொண்டது. கார்டு கம்பெனி மறுத்துவிட்டது, வங்கி வழி போன பணத்துக்கோ தகராறு என்ற பேச்சே இல்லை.

கடைசியில் ரைஃபிள் வந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது. ரேஞ்சில் ஃபேக்டரி தோட்டாவை வைத்துச் சுட்டேன். 100 கெஜத்தில் குண்டுகள் மூன்று அங்குலத்துக்குப் பரவின. ஒரு அங்குலத்துக்குள் விழும் என்று எழுதிக் கொடுத்திருந்தார். அதைவிட மோசமானது காலித் தோட்டாவில் தெரிந்தது. பித்தளை உறையின் அடிப்பக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, சுற்றிலும் பளபளவென்று ஒரு வளையம். ஒரு காலியில் இருந்தால் கீறலாக இருக்கலாம். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் இருந்தது. அதோடு சுடுவதை நிறுத்திவிட்டேன்.

பின்னாலிருந்து தோட்டாவை அடைக்கும் போல்ட்டின் முகத்திலிருந்து, தோட்டாவின் தோள் (உறை குறுகும் இடம்) போய் முட்டும் இடம் வரை உள்ள தூரம்தான் ஹெட்ஸ்பேஸ். அது அளவுக்கு மீறினால் சுடும்போது உறை பின்பக்கமாக இழுபடும். அடிப்பக்கம் மெலிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் அறுந்துவிடும். 6.5 கிரீட்மோருக்கு எஸ்.ஏ.ஏ.எம்.ஐ. என்ற அமெரிக்கத் துப்பாக்கித் தயாரிப்பாளர்களின் தர அமைப்பு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 62,000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு). உறை அறுந்தால் அந்த அழுத்தத்தில் உள்ள வாயு முகத்தை நோக்கி வரும். எந்திரப் பட்டறையில் ஆயுள் முழுக்க வேலை பார்த்த நண்பர் ஒருவர் இதை அளக்கும் தன் கேஜ்களை (அளவுக் கட்டைகள்) எடுத்து வந்தார். கோ கேஜ் மேல் போல்ட் மூட வேண்டும், நோ-கோ கேஜ் மேல் மூடக் கூடாது. என்னுடையது நோ-கோ மேல் தடையே இல்லாமல் மூடியது, அதாவது ஹெட்ஸ்பேஸ் அளவுக்கு மீறி இருந்தது. பழைய ராணுவத் துப்பாக்கியில் இப்படி நடந்தால், ஃபீல்டு கேஜ் என்று இன்னொரு எல்லை இருக்கிறது, பார்க்கலாம் என்பார்கள். புதிதாக வெட்டிய சேம்பரில் அந்தப் பேச்சுக்கே இடமில்லை.

அந்த நண்பரே பேரலுக்குள் போர்ஸ்கோப் (உள்ளே பார்க்கும் சிறு கேமரா) விட்டும் பார்த்தார். பேரலின் வரிகள் ஒரு பக்கம் முன்னதாகவும் மறுபக்கம் தள்ளியும் தொடங்கின, அதாவது சேம்பர் கோணலாக வெட்டப்பட்டிருந்தது. சுத்தம் செய்யும் கம்பியில் இறுக்கமான துணியைச் சுற்றி, உள்ளே அது சுழல்வதைக் குறித்துக்கொண்டு அளந்தோம். ஒரு சுற்றுக்கு ஒன்பது அங்குலம் வந்தது. ட்விஸ்ட்டைப் பிறகு யாராலும் மாற்ற முடியாது. ஆக, நான் காசு கொடுத்த பேரலே இது இல்லை. ஏதோ மலிவான பேரலைப் போட்டு, விலையுயர்ந்ததன் பெயரில் பில் எழுதியிருக்கிறார். ஸ்டாக்கைக் கழற்றினால், உதையைத் தாங்க வேண்டிய ரிகாயில் லக் பின்னால் எபாக்ஸியே இல்லை, ஓரங்களில் மட்டும் பூசியிருந்தது.

கன்ஸ்மித்தைக் கேட்டதற்கு, கேஜ் தவறு என்றார், தோட்டா தவறு என்றார், சுட்டுவிட்டதால் வாரண்டி இல்லை என்றார். ஃபோட்டோக்கள், பில், நண்பர் எழுதிக் கொடுத்த அளவுகள் எல்லாவற்றையும் சேர்த்து நோட்டீஸ் அனுப்பிவிட்டு ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் போட்டேன். கொலராடோவில் 7,500 டாலர் வரை அங்கே கேட்கலாம், வக்கீல் தேவையில்லை. விசாரணைக்கு முன்பே அவர் சமரசத்துக்கு வந்தார். ஸ்டாக்கின் விலை போக மீதியில் பெரும்பகுதி திரும்பியது.

வேலை கொடுக்கப் போகிறவர்கள் முடிக்கும் தேதியை எழுத்தில் வாங்குங்கள். பேரல், ஸ்டாக் இரண்டையும் தயாரிப்பாளரிடம் உங்கள் பெயரிலேயே வாங்கி, கன்ஸ்மித்துக்குக் கூலி மட்டும் கொடுங்கள். பேரலை இப்படி வாங்க ஃபெடரல் சட்டத்தில் லைசென்ஸ் தேவையில்லை. சீரியல் நம்பர் உள்ள ஆக்‌ஷன்தான் சட்டப்படி துப்பாக்கி. அதை அவரிடம் விட்டு வரும்போது பதிவேட்டில் ஏற்றச் சொல்லி, நம்பரோடு ரசீது கேளுங்கள். கார்டு வேண்டாம் என்று எந்தக் கட்டத்தில் சொன்னாலும் ஆக்‌ஷனைத் திருப்பி வாங்கிவிடுங்கள். ரைஃபிள் கைக்கு வந்ததும், முதல் தோட்டாவைப் போடுவதற்கு முன், கட்டியவரோடு சம்பந்தமில்லாத இன்னொருவரை வைத்து கோ, நோ-கோ இரண்டும் பார்த்துவிடுங்கள். இரண்டு கேஜும் சேர்த்தே ஒரு ரைஃபிள் ஸ்கோப்பின் விலையில் சிறு பங்குதான்.

என் ஆக்‌ஷன் இப்போது வேறொரு கன்ஸ்மித்திடம் இருக்கிறது. சேம்பர் வெட்டும் அன்று கேஜோடு வந்து பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறார்.